தீவாந்தரம் – எட்டாம் வகுப்பில் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு அந்தமான் போகிறார்களாம். "டீச்சர், நீங்க போயிட்டு வந்தீங்கல்ல. ராஸ், நார்த் பே, வைப்பர்னு மூணு தீவுக்குப் படகுல கூட்டிட்டுப் போவாங்களாமே. வைப்பர்ல பார்க்க ஒண்ணுமே இல்லையாம். அதை விட்டுட்டு ரெண்டு தீவு மட்டும் போனாப் போதுமா?" என்று கேட்டாள். பத்து நிமிடம் பேசியும் எனக்குத் திருப்தி வரவில்லை. இன்று மார்ச் 10 வேறு. அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று பின்னால் சொல்கிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் வேலை பார்த்த 36 வருடமும் எட்டாம் வகுப்பில் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "1857 புரட்சியில் பிடிபட்ட வீரர்களைப் பிரிட்டிஷ்காரர்கள் அந்தமான் செல்லுலார் சிறையில் அடைத்தார்கள்." உங்களில் பாதிப்பேர் இதை நோட்டில் எழுதி, நான் சிவப்பு மையில் டிக் போட்டிருப்பேன். பாடப்புத்தகத்தின் மேல் பழிபோட மாட்டேன். அங்கங்கே தனித்தனியாக இருந்த இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக உங்களுக்கு ஊட்டியது நான்தான்.

1990-களின் நடுவில் ஒருநாள், நடு பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்றான். பூட்டுப் பட்டறைத் தெருவிலிருந்து வருகிற பையன். முந்தின வாரம் பொது அறிவுப் போட்டிக்காக நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அவன் மறக்கவில்லை. "டீச்சர், அந்த ஜெயிலை 1906-லதான கட்டி முடிச்சாங்கன்னு சொன்னீங்க. அப்ப 1857-ல பிடிச்சவங்களை அதுவரைக்கும் எங்க வச்சிருந்தாங்க?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. "உட்காருடா, பாடத்தைக் கவனி" என்றேன்.

2019 பிப்ரவரியில் அந்தமான் போனோம். ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் வீட்டாருமாக 22 பேர். திண்டுக்கல்லில் ராத்திரி ரயிலேறி, சென்னையில் விமானம் பிடித்தோம். இரண்டு மணி நேரம்தான், போர்ட் பிளேர் வந்துவிட்டது. (2024-லிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் போக ஆசை. 22 பேருக்கும் வயிறு தாங்காது என்று நாங்கள் பெண்கள் சேர்ந்து தடுத்துவிட்டோம்.

என் அப்பத்தா யாரையாவது ஏசினால், "உன்னையெல்லாம் தீவாந்தரம் அனுப்பணும்" என்பார். தீவாந்தர தண்டனை என்றால் கடல் தாண்டித் தீவுக்கு அனுப்பிவிடுவது. அப்பத்தா தன் வாழ்நாளில் கடலையே பார்த்ததில்லை. நம் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நெடுந்தூரம். அப்படியிருந்தும் அந்தச் சொல் எப்படி இவ்வளவு உள்ளே வந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்திருக்கிறேன். அந்தமான் என்றதும் சினிமாதான் நினைவுக்கு வரும் உங்களுக்கு. எங்கள் அம்மா காலத்தில் எம்.ஜி.ஆரின் 'அந்தமான் கைதி', எங்கள் காலத்தில் சிவாஜியின் 'அந்தமான் காதலி', உங்கள் காலத்தில் 'சிறைச்சாலை'. அந்தமானுக்கு முன்பே நம் சீமையிலிருந்து தீவாந்தரம் போனவர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

நம்முடைய மலைக்கோட்டை 1790-ல் கும்பெனியார் கையில் விழுந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையைத் திப்பு சுல்தான் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். அடுத்த பத்து வருடத்தில் பாளையக்காரர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். நம் விருப்பாச்சி கோபால் நாயக்கர் அதில் முக்கியமானவர். அவரைத் தூக்கிலிட்டது 1801-ல். கோபாலசமுத்திரக் கரையில் நடக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்ளுங்கள். மருது சகோதரர்களையும் அதே வருடம் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிடாமல் விட்டவர்களில் 73 பேரை, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். ஆளைக் கொன்றால் ஊரே தெய்வமாகக் கும்பிடும். கடல் தாண்டி அனுப்பிவிட்டால் செத்தானா இருக்கிறானா என்றே தெரியாது. அப்பத்தாவின் வாயில் அந்தச் சொல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, படகுக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டோம். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்த கட்டடம். ஏழு வரிசைகளில் இப்போது நிற்பது மூன்றுதான். எங்கள் கூட்டத்தில் நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர் வந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் செல்பி எடுக்க, அவர் ஒரு அறைக் கதவின் தாழ்ப்பாளையே கால் மணி நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளின் நுனி கதவை விட்டு விலகி, சுவருக்குள் குடைந்த மாடத்தில் போய் விழுகிறது. உள்ளே இருப்பவன் கம்பி வழியாகக் கையை எவ்வளவு நீட்டினாலும் பூட்டைத் தொட முடியாது. "பூட்டைவிட, பூட்டை எங்க வைக்கிறதுன்னுதான் யோசிச்சிருக்கான் டீச்சர்" என்றார். கட்டிய வருடம் வாசலிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பையனின் கேள்வி திரும்ப வந்தது. 1857-ன் ஆட்கள் இங்கே இல்லை என்றால் எங்கே இருந்தார்கள்?

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் அபர்தீன் படகுத்துறையில் வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு நாங்கள் நின்ற கோலம் இருக்கிறதே, போட்டோவைக் கேட்காதீர்கள். கொடைக்கானல் ஏரிப் படகைத் தவிர வேறு படகில் ஏறியறியாதவர்கள் பாதிப்பேர்.

படகுக்குக் காத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நினைவுச் சின்னம். அபர்தீன் போர் என்று எழுதியிருந்தது. யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் வரிசை நகராததால்தான் படித்தேன். ஊருக்கு வந்தபின் புத்தகங்களைத் தேடிப் படித்து முழுக்கதையையும் தெரிந்துகொண்டேன்.

1858 மார்ச் 10. இதே நாள். ஆக்ரா சிறையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் என்பவர், கல்கத்தாவிலிருந்து 200 கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கினார். பெரும்பாலும் புரட்சியில் பிடிபட்டவர்கள். அங்கே சிறை இல்லை, சுவர் இல்லை, கூரைகூட இல்லை. முதலில் இறக்கியது சாத்தம் என்கிற சின்னத் தீவில். அங்கே தண்ணீர் போதவில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் குடியிருக்கும் கஷ்டம் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ராஸ் தீவுக்கு மாறினார்கள். காட்டை வெட்டியது, கிணறு தோண்டியது, அதிகாரிகளுக்கு வீடு கட்டியது, எல்லாம் அந்தக் கைதிகள்தான். தங்களுக்கான சிறையைத் தாங்களே கட்டினார்கள்.

முதல் மூன்று மாதக் கணக்கு பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளே, கழித்தல் கணக்குதான், கூடவே போட்டுப் பாருங்கள். வந்து இறங்கியவர்கள் 773. நோயில் இறந்தவர்கள் 64. தற்கொலை 1. தப்பி ஓடித் திரும்பிவராதவர்கள் 140. தப்பி ஓடிப் பிடிபட்டதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் 87. மிச்சம் 481. இவ்வளவு பெரிய தொகையைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள் என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

தப்பி ஓடியவர்கள் எங்கே ஓடினார்கள்? காட்டு வழியாகப் போனால் பர்மா வந்துவிடும், பர்மா ராஜா வேலை தருவார் என்று நம்பினார்கள். நாலாபக்கமும் கடல் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காடும் சும்மா கிடந்த காடு இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தமானியப் பழங்குடிகள் வாழ்ந்த இடம். அவர்களுக்குக் கைதியும் துரையும் ஒன்றுதான், மரத்தை வெட்ட வந்தவர்கள். அம்பு விட்டார்கள்.

தூத்நாத் திவாரி என்கிற சிப்பாய்க் கைதி 1858 ஏப்ரலில் கூட்டத்தோடு தப்பினான். கூடப் போனவர்கள் அம்பில் விழ, இவன் காயத்தோடு பிழைத்தான். பழங்குடிகள் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, கல்யாணமும் செய்துவைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவர்களில் ஒருவனாக இருந்தான். 1859 மே மாதம் அவர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு அபர்தீன் குடியிருப்பைத் தாக்கப்போவது தெரிந்ததும், ஓடிவந்து வெள்ளைக்காரர்களிடம் சொல்லிவிட்டான். துப்பாக்கியோடும் பீரங்கியோடும் காத்திருந்தார்கள். வில்லும் அம்பும் வைத்திருந்தவர்கள் மடிந்தார்கள். திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் போய்ச் சேர்ந்தான். காட்டில் அவன் விட்டுவிட்டு வந்த மனைவியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள், "டீச்சர், இதுல யாரு நல்லவங்க?" என்று. 1857-ன் வீரன் ஒருவன், தனக்குச் சோறு போட்டவர்களை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்கொடுக்கிறான். ஒற்றை வரியில் பதில் எழுத முடியாது. இன்றும் எனக்குப் பதில் இல்லை.

படகு ராஸ் தீவுக்குப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. 2018 டிசம்பர் 30-ல்தான் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். நாங்கள் போனபோது படகுக்காரர்கள் வாயில் ராஸ்தான் வந்தது. அழகான தீவு, மறுப்பதற்கில்லை. புள்ளிமான்கள் பக்கத்தில் வந்து கையை முகர்கின்றன. மயில்கள் திரிகின்றன. 1941 வரை இதுதான் அந்தமானின் தலைநகரம். தேவாலயம், ரொட்டி அடுப்பு, அச்சகம், நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம் எல்லாம் இருந்தன. அந்த வருடம் ஜூனில் பூகம்பம் வந்தது. ஒன்பது மாதத்தில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். இப்போது சுவரெல்லாம் ஆலமரம் மாதிரி வேர்கள் இறங்கி, செங்கலைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மரத்தை எடுத்தால் சுவர் விழுந்துவிடும்போல இருக்கிறது.

நேதாஜி 1943 டிசம்பர் 30-ல் போர்ட் பிளேரில் தேசியக் கொடி ஏற்றியதை எல்லாரும் சொல்வார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30-ல், ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்த 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதே ராஸ் தீவில் 1863-ல் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பழங்குடிகளைக் கொண்டுவந்து வைத்து நாகரிகம் கற்றுக்கொடுப்பதாக ஏற்பாடு. வந்தது நோய்தான். 1877-ல் தட்டம்மை. நமக்கு வேப்பிலை கட்டி வீட்டில் படுக்கவைத்தால் சரியாகிவிடுகிற நோய், எதிர்ப்புச் சக்தியே இல்லாத அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 19 பேர். அவர்களுடைய 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். கடைசிக் காலத்தில் தன் மொழியில் பேச அவருக்கு ஆளே இல்லை. "அந்தமானில் பழங்குடிகள் வாழ்கின்றனர்" என்ற ஒற்றை வரியோடு நான் தாண்டிப்போன பாடம் இது.

நார்த் பேயைப் பற்றி அதிகம் இல்லை. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தென்னைக்கு நடுவே கலங்கரை விளக்கம் தெரிகிறதே, அது இந்த இடம்தான். கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்த்தோம். இளைஞர்கள் கடலுக்குள் இறங்கினார்கள். எங்கள் கூட்டம் இளநீர் குடித்தது. இளநீர் விலையைக் கேட்டு எங்கள் அத்தாச்சி ஒருவர் சிறுமலை எலுமிச்சையை நினைத்து அழுதார்.

அங்கிருந்து வைப்பருக்குப் போகும் வழியில், வலது பக்கம் மலையடிவாரத்தில் ஹோப் டவுன் என்ற இடத்தைப் படகில் வேலை பார்த்த தம்பி கைகாட்டினார். நல்ல தமிழ் பேசினார். தாத்தா ராமநாதபுரம் பக்கமாம். மேயோ பிரபு நினைவிருக்கிறதா? நிதிப் பரவலாக்கம், 1872 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த வைஸ்ராய் 1872 பிப்ரவரி 8-ல் அந்தமான் வந்தார். ராஸ், வைப்பர், சாத்தம் என்று ஒரே நாளில் தீவு தீவாகப் பார்த்தார். கிட்டத்தட்ட எங்கள் டூர்தான். இன்னும் பொழுது இருக்கிறதே என்று ஹாரியட் மலை ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, இருட்டில் இறங்கிப் படகுத்துறைக்கு வந்தபோது, ஷேர் அலி அப்ரிதி என்ற பட்டாணியக் கைதி பாய்ந்து கத்தியால் குத்தினான். இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களில் பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்டவர் அவர் ஒருவர்தான். ஷேர் அலியைத் தூக்கிலிட்ட இடம் வைப்பர்.

வைப்பர் என்றதும் பாம்புத் தீவு என்று நினைத்து எங்களில் இரண்டு பேர் இறங்கவே மாட்டேன் என்றார்கள். அது ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789 வாக்கில் இந்தத் தீவுகளை அளக்க வந்த கப்பலின் பெயர். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லியும் பலனில்லை. மணி ஒன்றரை, வெயில், பசி. "பதினஞ்சு நிமிஷம்தான் அம்மா, மேல ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான்" என்றார் படகுத் தம்பி. படகில் இருந்த நாற்பது பேரில் இறங்கியது ஒன்பது பேர். நானும் பூட்டுக்கார அண்ணனும் அதில் இருந்தோம். என் வீட்டுக்காரர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

படியேறினால் மேட்டின் மேல் சிவப்புக் குவிமாடம் வைத்த சின்னக் கட்டடம். உள்ளே தூக்குமரம். கீழே இடிந்த செங்கல் சுவர்கள். 1864-லிருந்து 1867-க்குள் கட்டிய சிறை. நம் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை கொடைக்கானல் ஏரியை 1863-ல் உண்டாக்கினார் என்று படித்திருக்கிறீர்கள். நாம் படகு விடும் ஏரியும் இந்தத் தூக்குமரமும் ஏறத்தாழ ஒரே வயது. ஓடிப்போகப் பார்த்தவர்கள், எதிர்த்துப் பேசியவர்கள், வேலை செய்ய மறுத்தவர்கள் ஆகியோரைக் காலில் விலங்கிட்டு, ஒரே சங்கிலியில் வரிசையாகக் கோத்து இங்கே வைத்தார்கள். தூங்கும்போதும் சங்கிலிதான். செல்லுலார் சிறை வந்தபிறகு இதற்கு வேலையில்லாமல் போய், மறந்துபோனார்கள்.

அண்ணன் சுற்றிச்சுற்றி வந்து, "பெரிய பூட்டு மாட்டுற மாதிரி இங்க ஒண்ணும் காணோமே டீச்சர்" என்றார். கடலைக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டார்.

அங்கே நிழலுக்கு ஒரு மரத்தடியில் நின்றபோதுதான் என் கணக்கு நேரானது. 1858-ல் ஆரம்பித்து செல்லுலார் சிறை முடிந்த 1906 வரை 48 வருடம். சாத்தம், ராஸ், வைப்பர், காலையிலிருந்து நாங்கள் டிக்கெட் எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்த தீவுகளேதான் சிறை. 1857-ல் முப்பது வயதில் பிடிபட்ட ஒருவனுக்கு, செல்லுலார் சிறை முடிந்தபோது எண்பது வயது நெருங்கியிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது, கூட்டம் நிரம்பி வழிகிறது. வேண்டியதுதான், அங்கே அடைபட்டவர்களும் பட்டது கொஞ்சமில்லை. 1933 உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட மகாவீர் சிங் போன்றவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் முதலில் வந்தவர்களில் பலருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. அவர்கள் இருந்த இடத்தில் இறங்க ஒன்பது பேர்.

படகு சங்கு ஊதிவிட்டது. இறங்கி ஓடினோம்.

ஆகவே மாணவிக்குச் சொல்கிறேன். வைப்பரை விடாதே அம்மா. அங்கே சில சமயம் ஆட்களை இறங்க விடுவதில்லை, அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொள். குடிதண்ணீர் கையோடு எடுத்துக்கொள், பிள்ளைகளுக்குத் தொப்பி போடு, சாப்பாட்டை நார்த் பேயிலேயே முடித்துவிடு. அப்போதுதான் கடைசித் தீவில் காலில் தெம்பு இருக்கும். காலையில் படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் அந்த நினைவுச் சின்னத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டு.

பூட்டுப் பட்டறைத் தெருவிலிருந்து வந்த அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். பெயர் நன்றாக நினைவிருக்கிறது, பொதுவில் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனவன், அதன்பின் நான் பார்க்கவேயில்லை. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அனுப்பிவையுங்கள். தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி. பதில்: சாத்தம், ராஸ், வைப்பர். ஏறத்தாழ முப்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.